வெட்டினால் விரியும் வளையம்

(புனேயின் கோந்த்வாவில் தமிழ் நண்பர்கள் கூடிய ஒரு ஞாயிறு மாலையில் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல், அச்சுக்காகச் சற்றே திருத்தப்பட்டது.)



மேசைமேல் இருக்கும் கண்ணாடிப் பாத்திரத்தைப் பார்த்துச் சிலர் முகம் சுளிப்பது தெரிகிறது. உள்ளே இருப்பது உப்புநீர். அதன் அடியில் கிடப்பவை ஆட்டின் பெருந்தமனியிலிருந்து நறுக்கிய மூன்று வளையங்கள். மோதிரம் அளவுதான் இருக்கும். இன்று காலை கடி மெஷின் சௌக் பக்கம் ஒரு கறிக்கடையில் வாங்கினேன். வாங்கினேன் என்று சொல்வதுகூடச் சரியில்லை, கடைக்கார பாய் காசு வாங்க மறுத்துவிட்டார். "இந்தக் குழாயை யாரும் கேட்கிறதில்லை சாப், நாய்க்குத்தான் போடுவோம்" என்றார். நாய்க்குப் போகவேண்டியதை வைத்துத்தான் இன்று உங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளப் போகிறேன்.

தொடங்கும் முன் ஒரு சின்ன வேலை. ஒரு வளையத்தை ஓர் இடத்தில் மட்டும் கத்தியால் வெட்டிவிடுகிறேன். ஆயிற்று. அது தண்ணீரிலேயே கிடக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்ப்போம்.

கறிக்கடை பாய் அதைக் குழாய் என்றார். டாக்டரும் இரத்தக்குழாய் என்கிறார், நம் பள்ளிப் புத்தகமும் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. கோந்த்வாவில் குடியிருப்பவர்களுக்குக் குழாய் என்றால் காற்று வரும் பொருள். தண்ணீர் வருவது டேங்கரில். ஆனாலும் நல்ல குழாய் எப்படி இருக்கும் என்று பார்க்க வெகுதூரம் போகவேண்டாம். 1750 வாக்கில் நானாசாகிப் பேஷ்வா காலத்தில், பக்கத்துக் காத்ரஜ் ஏரியிலிருந்து சனிவார் வாடா அரண்மனை வரைக்கும் மண்ணுக்கடியில் கல்லாலும் செங்கல்லாலும் ஒரு நீர்ப்பாதை கட்டினார்கள். மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தண்ணீர் தானாக ஓடியது. அந்தச் சுவருக்கு ஒரே வேலைதான்: அசையாமல் நிற்பது. தமனியின் சுவர் அப்படி நின்றால் நாம் பிழைக்கமாட்டோம்.

ஏன் என்பதற்கு நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரைப் பாருங்கள். நாதஸ்வரக்காரர் நிறுத்தி நிறுத்தி வாசிக்கலாம். ஒத்துக்காரர் நிறுத்தக்கூடாது, ஒரே சுருதி அறுபடாமல் போகவேண்டும். அவரும் மூச்சு இழுக்கத்தான் வேண்டும். இழுக்கும் அந்த நொடியில் ஒத்தை ஊதுவது அவருடைய நுரையீரல் இல்லை, உப்பி வைத்திருந்த கன்னம். கன்னத்தில் சேமித்த காற்றை மெல்லப் பிதுக்கிக்கொண்டே மூக்கால் மூச்சை வாங்கிவிடுவார். இதயம் நுரையீரல் மாதிரி விட்டுவிட்டு வேலை செய்கிறது. பெருந்தமனிதான் கன்னம். ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் ஏறத்தாழ 70 மில்லி இரத்தத்தைத் தள்ளுகிறது. அதில் ஒரு பங்கு அப்போதே ஓடிப்போகாமல், பெருந்தமனி விரிந்த இடத்தில் தங்கி, இதயம் ஓய்ந்திருக்கும்போது சுவர் சுருங்குவதால் முன்னே போகிறது.

இதைக் கண்டு எழுதிய முன்னோடி இங்கிலாந்தில் ஒரு பாதிரியார், ஸ்டீபன் ஹேல்ஸ். ஒரு பெண் குதிரையைப் படுக்கவைத்துக் கட்டி, அதன் தமனியில் பித்தளைக் குழல் செருகி, நீளமான கண்ணாடிக் குழாயை நிறுத்தினார். இரத்தம் எட்டடிக்கு மேல் ஏறியது. 1733இல் அச்சிட்ட புத்தகத்தில், தமனி விரிந்து சுருங்குவதை அந்தக் காலத்துத் தீயணைப்பு எந்திரத்தின் காற்றறையோடு ஒப்பிட்டார். 1899இல் ஜெர்மனியில் ஓட்டோ ஃபிராங்க் அதற்குக் கணக்கு எழுதினார். காற்றறை என்ற பொருள்படும் 'விண்ட்கெசல்' என்ற ஜெர்மன் சொல்லே அந்த மாதிரிக்குப் பெயராகிவிட்டது. ஃபிராங்க் தஞ்சாவூர்ப் பக்கம் பிறந்திருந்தால் அதன் பெயர் ஒத்துக்காரர் மாதிரி என்று இருந்திருக்கும்.

கன்னம் விறைத்துப்போனால் என்ன ஆகும்? ஊதும்போது அழுத்தம் எகிறும், நிறுத்தினால் விழுந்துவிடும். வயதானவர்களுக்கு மேல் அழுத்தம் 160, கீழ் அழுத்தம் 70 என்று வருகிறதே, "கீழது நல்லாத்தானே இருக்கு" என்று வீட்டில் ஆறுதல் சொல்கிறோமே, அது பல நேரம் ஆறுதலுக்குரிய செய்தி இல்லை. இடைவெளி அகன்றதே சுவர் விறைத்ததன் அடையாளம்.

இங்கே இருப்பவர்களில் பாதிப் பேர் வாகனத் தொழிலில் இருப்பவர்கள் என்று தெரியும். காரைக் கணினிக்குள்ளேயே சுவரில் மோதவிட்டு நொறுக்கிப் பார்ப்பவர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் கணக்கு. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு நாளைக்கு ஒரு லட்சம், வருஷத்துக்கு 3.7 கோடி, அறுபது வயதில் 220 கோடி. சராசரி அழுத்தம் 100 மி.மீ. பாதரசம், அதாவது 13 கிலோபாஸ்கலுக்குச் சற்று மேல். பெருந்தமனியின் ஆரம் 12 மி.மீ., சுவரின் தடிமன் ஒன்றரை மி.மீ. என்று வையுங்கள். அழுத்தத்தை ஆரத்தால் பெருக்கித் தடிமனால் வகுத்தால் சுற்றுவாக்கில் சுவர் தாங்கும் தகைவு 100 கிலோபாஸ்கலைத் தாண்டுகிறது. சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ எடை தொங்குவதற்குச் சமம். நனைந்த, மெத்தென்ற ஒரு திசு இதைத் தாங்கிக்கொண்டு 220 கோடி முறை விரிந்து சுருங்குகிறது.

அதன் யங் குணகம், அதாவது இழுப்புக்கு அது காட்டும் விறைப்பின் அளவு, என்ன என்று கேட்பீர்கள். எஃகுக்கு 200 கிகாபாஸ்கல் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வோம். தாமஸ் யங் தொழிலால் மருத்துவர், 1808இல் லண்டன் ராயல் சொசைட்டியில் இதயமும் தமனியும் பற்றியே பேசியவர். அவர் பெயரால் வழங்கும் குணகம் தமனிக்கு மட்டும் ஒட்டாமல் போனது வேடிக்கைதான். எவ்வளவு இழுத்து வைத்திருக்கிறீர்கள் என்று சொல்லாமல் தமனியின் குணகத்தைச் சொல்லமுடியாது. கொஞ்சம் இழுத்தால் ரப்பர் மாதிரி வரும், மேலும் இழுத்தால் கயிறு மாதிரி நின்றுவிடும்.

இதற்குக் காரணத்தை அழகாகப் பிரித்துக் காட்டியது 1957இல் மார்கட் ரோச், ஆலன் பர்ட்டன் இருவரும் செய்த சோதனை. மனிதத் தமனித் துண்டுகளை எடுத்து, ஒன்றில் எலாஸ்டின் என்ற புரதத்தை மட்டும் நொதியால் கரைத்தார்கள். மிச்சமிருந்த கொலாஜன் என்ற நார்ப்புரதம் இழுத்தவுடனே விறைத்தது. இன்னொன்றில் கொலாஜனை ஃபார்மிக் அமிலத்தால் எடுத்தார்கள். மிச்சமிருந்த எலாஸ்டின் சளைக்காமல் நீண்டது. முழுத் தமனி ஆரம்பத்தில் இரண்டாவதைப்போலவும், போகப்போக முதலாவதைப்போலவும் நடந்துகொண்டது. ஜவுளிக்கடையில் எலாஸ்டிக் வைத்த இடுப்புப்பட்டையை வாங்கி இழுத்துப் பாருங்கள். நூல் சுருக்கு விரியும்வரை உள்ளே உள்ள ரப்பர் மட்டும் வேலை செய்யும். சுருக்கு தீர்ந்ததும் நூல் பிடித்துக்கொள்ளும். கொலாஜன் நாரும் அப்படித்தான் நெளிநெளியாகச் சும்மா கிடந்து, தேவைப்படும்போது நிமிர்கிறது.

அந்த விறைப்பு எந்தக் கணக்கில் ஏறுகிறது என்று கண்டவர் சீனாவில் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த ஒய்.சி. ஃபங். விமானச் சிறகின் அதிர்வைப் படித்த பொறியாளர், பாதி வாழ்க்கையில் துறை மாறி உயிருள்ள திசுவுக்கு வந்தார். 1967இல் அவர் சொன்னது: திசுவின் விறைப்பு, அப்போது அதில் இருக்கும் தகைவுக்கு ஏற்ப நேராக வளர்கிறது. உள்ளதற்கேற்பப் பெருகுவது என்றால் என்ன? நம் என்.ஐ.பி.எம். ரோட்டில் வங்கி மேலாண்மைக் கல்வி நிறுவனம் இருக்கிறது, அங்கே கேட்டால் உடனே சொல்வார்கள்: கூட்டுவட்டி. தமனி கூட்டுவட்டியில் விறைக்கிறது. அதனால்தான் அழுத்தம் திடீரென்று ஏறினாலும் சுவர் அளவுக்கு மீறி உப்பிவிடுவதில்லை.

இப்போது பாத்திரத்தைப் பார்க்கலாம். முன்வரிசையில் இருப்பவர்கள் எட்டிப் பாருங்கள். வெட்டாத இரண்டும் வட்டமாகவே இருக்கின்றன. வெட்டியது வாய் பிளந்து லாடம் மாதிரி நிற்கிறது. யாரும் இழுக்கவில்லை. உள்ளே இரத்தமும் இல்லை, அழுத்தமும் இல்லை. பிறகு எந்த விசை அதைத் திறந்தது?

கிராமத்தில் மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டா மாட்டுவதைப் பார்த்தவர்கள் இங்கே இருப்பீர்கள். என் தாத்தா வீட்டுத் தெருவில் அது ஒரு திருவிழா. வரட்டியை வட்டமாக அடுக்கிப் பட்டாவைப் பழுக்கக் காய்ச்சி, நாலு பேர் இடுக்கியால் தூக்கி மரச்சக்கரத்தின்மேல் இறக்கித் தண்ணீர் ஊற்றுவார்கள். குளிர்ந்ததும் பட்டா சுருங்கி மரத்தை நெருக்கும். சக்கரம் சும்மா நிற்கும்போதே மரம் நெருக்குண்டும் இரும்பு இழுபட்டும் இருக்கும். அந்தச் சக்கரத்தில் ஓர் இடத்தில் பட்டாவை அறுத்தால் படாரென்று விலகும். தமனியும் அப்படித்தான். சும்மா இருக்கும்போதே அதன் உட்புறம் நெருக்குண்டு, வெளிப்புறம் இழுபட்டு நிற்கிறது. வெட்டினால் உள்ளே மிச்சமிருந்த அந்தத் தகைவு தன்னைத் தீர்த்துக்கொள்கிறது.

1983இல் வைஷ்ணவ், வொசூகி என்ற ஆராய்ச்சியாளர்கள் ஒரு பக்கம், ஃபங் இன்னொரு பக்கம், தனித்தனியே இதைக் கணக்கில் கொண்டுவந்தார்கள். அதற்கு முன்னால் ஆராய்ச்சியாளர்கள் அழுத்தம் இல்லாத வட்டத்தையே தகைவு இல்லாத நிலை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டார்கள். விடையில் சுவரின் உட்பக்கத் தகைவு வெளிப்பக்கத்தைவிடப் பல மடங்கு வந்தது. அப்படியென்றால் உட்பக்கம் எப்போதோ கிழிந்திருக்க வேண்டுமே! லாடத்திலிருந்து கணக்கைத் தொடங்கியதும், இயல்பான இரத்த அழுத்தத்தில் சுவர் முழுக்கத் தகைவு ஏறக்குறையச் சமமாகப் பரவியது. கொல்லர் பட்டறையில் மனிதன் செய்வதை உடல் நெருப்பில்லாமல் செய்துகொள்கிறது. நீளவாக்கிலும் இதே கதைதான். தமனி அறுபட்டால் இரண்டு முனைகளும் சதைக்குள் பின்வாங்கிக்கொள்ளும். அறுவை மருத்துவர்கள் அதைப் பிடிக்கப் படும் பாடு அவர்களுக்குத்தான் தெரியும்.

அடுத்தது திசை. நூல் புடவையை இழைவாக்கில் இழுங்கள், நகராது. மூலைவாக்கில் இழுங்கள், நீளும். தையல்காரர்கள் கிராஸ் கட் என்பார்களே, அந்த ரகசியம்தான். கொலாஜன் நார்கள் தமனியைச் சுற்றி இரண்டு கூட்டமாக, ஒன்று வலஞ்சுழியாகவும் மற்றது இடஞ்சுழியாகவும் ஏறுகின்றன. நடுப்படலத்தில் வளையம்போலச் சுற்றுவாக்குக்கு நெருங்கியும், வெளிப்படலத்தில் நீளவாக்குக்குச் சாய்ந்தும். இதை அப்படியே சமன்பாட்டில் எழுதியவர்கள் ஹோல்சாப்ஃபெல், காசர், ஆக்டன் மூவரும், 2000ஆம் ஆண்டில். ஒவ்வொரு படலத்துக்கும் நாலே எண்கள்: அடித்தளத் திசுவுக்கு ஒன்று, நாருக்கு இரண்டு, சாய்வுக் கோணம் ஒன்று. நார் இழுத்தால் மட்டுமே வேலை செய்யும், தள்ளினால் மடங்கிக்கொள்ளும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். நீங்கள் அலுவலகத்தில் திறக்கும் அபாகஸ் மென்பொருளிலேயே இந்த மாதிரி இருக்கிறது.

இருப்பதுதான் ஆபத்து என்று நினைக்கிறேன். நாலு எண்ணைப் போட்டால் சிவப்பும் மஞ்சளும் நீலமுமாக ஒரு படம் வந்துவிடும். சிவப்பு இடம் வெடிக்கும் என்று சொல்லிவிடலாம். என்னிடம் ஒரு மாணவன், ஒரே திசையில் இழுத்த சோதனையின் வளைகோட்டோடு அச்சாகப் பொருந்தும் நாலு எண்களைக் கொண்டுவந்தான். வேறு நாலு எண்களும் அதே அளவுக்குப் பொருந்தின. இரண்டையும் வைத்துத் தமனியை உப்பவைத்துப் பார்த்தால் இரண்டு விதமாக நடந்தது. ஒரு திசையில் இழுத்துத் தமனியைப் புரிந்துகொள்ளமுடியாது. நீளத்திலும் சுற்றிலும் ஒருசேர இழுக்கவேண்டும். அதற்கு முன்னால் சிலமுறை இழுத்துவிட்டுப் பழக்கவும் வேண்டும், முதல் இழுப்புக்கும் ஐந்தாவது இழுப்புக்கும் திசு ஒரே பதிலைச் சொல்வதில்லை.

இதுவரை சொன்னது எல்லாமே, தமனி நேற்றும் இன்றும் ஒரே பொருள்தான் என்று நம்பும் கணக்கு. அந்த நம்பிக்கையை அசைத்தவர்களில் ஒருவர் நம் ஊர்க்காரர். கும்பகோணம் என்ற ஊர்ப் பெயரையே தன் பெயரின் முதலாக வைத்துக்கொண்ட கே.ஆர். ராஜகோபால், 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் பட்டம் பெற்று, டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். பொருள் என்றால் என்ன என்ற கேள்வியை இயந்திரவியலில் அடிமட்டத்திலிருந்து கேட்டவர். அவரும் ஜே ஹம்ஃப்ரி என்ற ஆராய்ச்சியாளரும் 2002இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். தமனிச் சுவரின் ஒவ்வொரு கூறும் வேறு வேறு நாளில் பிறக்கிறது, வேறு வேறு நாளில் சாகிறது. புதிதாகப் பிறக்கும் கொலாஜன் நார், அன்றைக்குச் சுவர் எவ்வளவு விரிந்திருக்கிறதோ அந்த நிலையில், தானும் கொஞ்சம் இழுபட்டே போய் உட்காருகிறது. ஆகவே சுவரில் உள்ள எல்லா நார்களுக்கும் ஒரே தொடக்கநிலை கிடையாது. ஒரு கூட்டுக்குடும்பத்தில் எல்லாரும் ஒன்றாக நகர்ந்தாலும் ஒவ்வொருவருக்கும் பிறந்த வருஷம் வேறு இல்லையா, அதுபோல.

கொலாஜனின் பாதி சுமார் 70 நாளில் மாறிவிடும் என்று இத்தகைய மாதிரிகளில் எடுத்துக்கொள்கிறார்கள். எலாஸ்டின் விஷயம் வேறு. கருவிலும் குழந்தைப் பருவத்திலும் உடல் அதை நெய்து முடித்துவிடுகிறது. அதன் ஆயுள் பத்தாண்டுகளில் எண்ணவேண்டியது. அறுந்தால் ஒழுங்காக மறுபடி நெய்யத் தெரியாது. இந்த எலாஸ்டின் பெருந்தமனியில் தகடு தகடாக அடுக்கியிருக்கிறது. வோலின்ஸ்கி, கிளாகோவ் இருவரும் 1967இல் பலவகைப் பாலூட்டிகளில் எண்ணிப் பார்த்தார்கள். சுண்டெலிக்கு ஐந்து அடுக்கு, பன்றிக்கு எழுபதையொட்டி. ஆனால் ஒரு அடுக்குக்கு விழும் சுமை எலியிலும் பன்றியிலும் கிட்டத்தட்ட ஒன்றே! பிராணி பெரிதானால் அடுக்கு கூடுகிறது, ஒவ்வொரு அடுக்கின் பாரம் கூடுவதில்லை. இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த செய்தி இதுதான்.

சுவர் தன்னைத் தானே மாற்றிக்கொள்வதற்கு உதாரணமாக ஐன்ஸ்டைன் கதையைச் சொல்லவேண்டும். அவருடைய வயிற்றுப் பெருந்தமனி ஓர் இடத்தில் உப்பியிருந்தது. 1948இல் ருடால்ஃப் நிசன் என்ற அறுவை மருத்துவர் வயிற்றைத் திறந்து அந்தப் புடைப்பைச் செலோஃபேன் தாளால் சுற்றினார். மிட்டாய் சுற்றும் அதே வகைத் தாள்தான். தாளுக்கு அதைப் பிடித்து நிறுத்தும் வலு கிடையாது. தாள் உறுத்த, உறுத்தலுக்குப் பதிலாகச் சுவர் தானே புது நார்களை வளர்த்துக்கொள்ளும் என்பதுதான் உத்தி. ஐன்ஸ்டைன் அதற்குப் பிறகு ஆறு வருஷத்துக்கு மேல் வாழ்ந்தார். 1955 ஏப்ரலில் அந்தப் புடைப்பு வெடித்தது. மறுபடி அறுவை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ராஜகோபாலும் ஹம்ஃப்ரியும் எழுதிய சமன்பாட்டின் உள்ளடக்கத்தை நிசன் அரை நூற்றாண்டுக்கு முன்பே கைப்பழக்கத்தில் பயன்படுத்தியிருக்கிறார்.

இன்றும் ஆண்களுக்கு வயிற்றுப் பெருந்தமனியின் புடைப்பு 5.5 செ.மீ. தாண்டினால் அறுவை என்பதுதான் பொதுவான விதி. சிறியவை சில வெடிக்கின்றன, பெரியவை சில வெடிப்பதில்லை. விட்டம் ஒரு எண்தான். சுவரின் வலு அந்த எண்ணில் இல்லை. சுவர் மாறிக்கொள்வதை இதய பைபாஸிலும் பார்க்கலாம், அதைச் செய்துகொண்டவர்கள் இங்கே இருக்கலாம். காலிலிருந்து எடுக்கும் சிரை, பத்து மி.மீ. பாதரசத்தின் பக்கம் வாழ்ந்து பழகியது. அதைத் திடீரென்று நூறில் கொண்டுபோய் வைத்தால், தன்னைத் தமனியாக்கிக்கொள்ளத் தடிக்கிறது. பல நேரம் தேவைக்கு மேலேயே தடித்துவிடும். மார்பு உள்தமனியை ஒட்டினால் நீண்டநாள் திறந்திருப்பதற்கு ஒரு காரணம், அது முன்பே அந்த வேலையில் இருந்ததுதான்.

இவ்வளவு மாதிரியும் கட்டி, உயிருள்ள ஒரு மனிதரின் தமனிக்கு எண் எப்படிக் கண்டுபிடிப்பது? வெட்டி வளையம் எடுக்கமுடியாதே. சென்னை ஐ.ஐ.டி.யின் மருத்துவத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தில் மோகனசங்கர் சிவப்பிரகாசம், ஜெயராஜ் ஜோசப் குழுவினர் ஆர்ட்சென்ஸ் என்ற கருவியைச் செய்திருக்கிறார்கள். கழுத்துத் தமனிமேல் ஒரு கேளா ஒலி உணரியை வைத்தால் போதும். படம் வராது, படம் பார்க்கத் தெரிந்த நிபுணரும் வேண்டாம். ஒலி தமனியின் முன்சுவரிலும் பின்சுவரிலும் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து, ஒவ்வொரு துடிப்பிலும் சுவர்கள் எவ்வளவு விலகுகின்றன என்று கருவியே கணக்கிடுகிறது.

அதிலிருந்து கிடைக்கும் விறைப்பெண்ணை நீங்களே போட்டுப் பார்க்கலாம். இரண்டு பேர், இருவருக்கும் இரத்த அழுத்தம் 120க்கு 80. இரண்டின் விகிதம் 1.5, அதன் இயல் மடக்கை சுமார் 0.4. ஒருவருக்கு ஆறு மி.மீ. தமனி துடிப்புக்கு 0.6 மி.மீ. விரிகிறது, அதாவது பத்து சதம். 0.4ஐ 0.1ஆல் வகுத்தால் 4. இன்னொருவருக்கு 0.3 மி.மீ.தான் விரிகிறது என்றால் விடை 8. கையில் பட்டை கட்டி அளந்த டாக்டருக்கு இருவரும் ஒன்றுதான். கழுத்துக்கு ஒன்றில்லை.

கேள்விகளுக்கு முன்னால் ஒரு விஷயம். பாத்திரத்தில் இன்னும் இரண்டு வளையங்கள் முழுசாக இருக்கின்றன, கத்தியும் இருக்கிறது. வெட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் மேசைக்கு வரலாம். சைவ உணவுக்காரர்கள் இரண்டடி தள்ளி நின்றே பார்க்கலாம், அங்கிருந்தும் நன்றாகத் தெரியும்.